கட்டிலோடு ஒட்டி வைக்கும் பாப்பா கட்டில்: ஒன்றரை வருட அனுபவம்

மகளுக்கு ஒன்றரை வயது ஆகிறது. அவளுக்காக வாங்கிய பெட்சைடு கிரிப் இரண்டு வீடுகளில் இருந்துவிட்டு, தங்கை வீட்டுக்கும் போய்த் திரும்பி வந்து, இப்போது பக்கத்துத் தெருவுக்குப் போகத் தயாராக இருக்கிறது. பெட்சைடு கிரிப் என்றால் நம் கட்டிலோடு ஒட்டி வைத்து, ஒரு பக்கத் தடுப்பை இறக்கிக்கொள்ளும் மடக்குத் தொட்டில். வாங்குவதற்கு முன் நான் எவ்வளவோ தேடினேன். நிறம், சக்கரம், எடுத்துப் போகும் பை பற்றியெல்லாம் நிறையப் பேர் சொல்லியிருந்தார்கள். நம் வீட்டுக் கட்டிலுக்கு அது பொருந்துமா என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. எனக்குச் சிக்கல் வந்ததெல்லாம் அந்த இடத்தில்தான்.

நாங்கள் இருப்பது கிருஷ்ணகிரி டவுனில். அம்மா வீடு காரிமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். தலைப்பிரசவம் என்பதால் ஏழாம் மாதமே அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். கார்த்திகையில் மகள் பிறந்தாள், சிசேரியன். மூன்றாம் மாதம் முடியும்வரை காரிமங்கலம், அதற்குப் பிறகு கிருஷ்ணகிரி என்று முதலிலேயே பேசி வைத்திருந்தோம். அதனால் மரத் தொட்டில் வேண்டாம், மடக்கி காரில் வைக்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்று தேடினோம். விலை ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆனது. எங்களுக்கு அது பெரிய தொகைதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் இரண்டு இரவும் குழந்தையை என் பக்கத்திலேயே படுக்க வைத்தேன். ஒரு நிமிடம்கூடத் தூங்கவில்லை. கை மேலே பட்டுவிடுமோ, போர்வை முகத்தை மூடிவிடுமோ என்ற பயம். மருத்துவர் தெளிவாகச் சொன்னார்: அம்மாவும் குழந்தையும் ஒரே அறையில் இருக்கலாம், இருக்கவும் வேண்டும், ஆனால் குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2022-ல் புதுப்பித்த பரிந்துரையும் இதுதான். குறைந்தது முதல் 6 மாதம் ஒரே அறை, தனிப் படுக்கை. அந்தப் படுக்கை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும், குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், பக்கத்தில் தலையணையோ மெத்தென்ற எந்தப் பொருளோ இருக்கக் கூடாது. மூன்றாம் நாள் கிரிப்பைப் பிரித்து மாட்டினோம்.

இனி அளவு விஷயம். அம்மா வீட்டில் இரும்புக் கட்டில், மேலே இலவம் பஞ்சு மெத்தை. தரையிலிருந்து மெத்தையின் மேல்பக்கம்வரை டேப் வைத்து அளந்தால் 21 அங்குலம். அதற்கேற்ற உயரத்தில் கிரிப்பை வைத்தாயிற்று. நான் ஏறிப் படுத்ததும் பஞ்சு இரண்டு அங்குலம் அமுங்கியது. குழந்தையின் படுக்கை எனக்கு மேலே நிற்கிறது. பால் கொடுக்க எடுக்கும்போது குழந்தையைத் தூக்கி இறக்க வேண்டியிருந்தது. தையல் போட்ட வயிற்றோடு அது எவ்வளவு வலி என்று பெற்றவர்களுக்குத் தெரியும். உயரத்தை மாற்றக் கிரிப்பின் காலில் துளைகள் உண்டு; ஒரு துளை கீழே இறக்கினால் யாரும் படுக்காத நேரத்தில் மெத்தை கிரிப்பின் விளிம்பைவிட உயர்ந்து நிற்கிறது. அதுவும் கூடாது. நம் மெத்தை விளிம்பைத் தாண்டினால் போர்வையும் தலையணையும் குழந்தை பக்கம் சரிந்துவிடும். கடைசியில் பஞ்சு மெத்தையை எடுத்துவிட்டு, திண்ணை அறையில் கிடந்த தேங்காய் நார் மெத்தையைப் போட்ட பிறகுதான் சரியானது. ஆகவே மெத்தையை அளக்கும்போது அதன் மேல் ஒருவரைப் படுக்க வைத்தும் அளந்து கொள்ளுங்கள். இரண்டு அளவுக்கும் வித்தியாசம் அதிகமாக இருந்தால் அந்த மெத்தையோடு இந்தக் கிரிப் ஒத்துப் போகாது.

இடைவெளி விஷயம் இதைவிட முக்கியம். கிரிப்போடு இரண்டு பட்டைகள் வரும். அவற்றைக் கட்டில் சட்டத்தில் சுற்றி இறுக்கினால் கிரிப் கட்டிலோடு ஒட்டி நிற்கும். இரும்புக் கட்டிலில் குழாய் இருந்ததால் சுற்றுவது சுலபமாக இருந்தது. ஆனால் மாட்டிய மூன்றாம் இரவு பால் கொடுக்க எழுந்தபோது கட்டிலுக்கும் கிரிப்புக்கும் நடுவே என் மூன்று விரல் நுழைகிற அளவுக்கு இடம் விட்டிருந்தது. ஒரு பட்டை தளர்ந்திருக்கிறது. ஒரு பக்கச் சக்கரத்தின் பூட்டும் போடாமல் இருந்திருக்கிறது. அன்று எனக்குக் கை நடுங்கிவிட்டது. பிறந்த குழந்தையின் உடம்பு நழுவி அந்த இடத்தில் தலை மாட்டிக்கொண்டால் அதனால் தன்னை விடுவித்துக்கொள்ள முடியாது. அம்மா உடனே ஒரு துண்டைச் சுருட்டி அந்த இடத்தில் அடைத்தார். எல்லோரும் செய்வது அதுதான். ஆனால் அடைத்த துண்டு நகர்ந்து முகத்தின் மேல் வரலாம், அதனால் அதை எடுத்துவிட்டோம். அன்றிலிருந்து இரவு படுக்கும் முன் பட்டையை இறுக்கி, நான்கு சக்கரத்தையும் பூட்டி, கிரிப்பைக் கையால் வேகமாகத் தள்ளிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அசைந்தால் மறுபடி இறுக்குவோம்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அடுத்த கேள்வி, குழந்தையை மல்லாக்கப் போட்டால் கக்கும்போது புரையேறாதா என்பது. என் ஆயா, அதாவது பாட்டி, இதை ஒரு வாரம் கேட்டார். மருத்துவர் எனக்குச் சொன்ன விளக்கத்தை அவருக்கு அப்படியே சொன்னேன். மல்லாந்து படுத்திருக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருக்கும். கக்கிய பால் மேலே ஏறித்தான் மூச்சுக்குழலுக்குள் போக வேண்டும், அது சுலபமில்லை. குப்புறப் போட்டால் மூச்சுக்குழல் கீழே வந்துவிடும். ஆயா கையை வைத்து இரண்டு குழாய்போலக் காட்டச் சொல்லிப் பார்த்தார், பிறகு ஒப்புக்கொண்டார். பால் கொடுத்து ஏப்பம் வரும்வரை தோளில் போட்டுத் தட்டும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார்.

எங்கள் கிரிப்பில் தலைப்பக்கத்தை மட்டும் உயர்த்தும் வசதியும் இருந்தது. பால் எதுக்களிக்கும் குழந்தைக்கு நல்லது என்று அட்டையில் எழுதியிருந்தது. அதை நான் ஒருநாளும் பயன்படுத்தவில்லை. சாய்வாகப் படுத்தால் பிஞ்சுக் கழுத்தால் தலையைத் தாங்க முடியாமல் தாடை நெஞ்சில் இடிக்கும், மூச்சுப் போகும் வழி குறுகும். 10 டிகிரிக்கு மேல் சாயும் குழந்தைப் படுக்கைகளையும், தொட்டிலின் உள்பக்கம் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்புகளையும் அமெரிக்காவில் 2022-ல் சட்டம் போட்டே தடை செய்தார்கள். இங்கே இரண்டும் விற்பனையில் இருக்கின்றன, வாங்கும் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சேலையில் கட்டும் ஏணையும் இதே காரணத்தால் இரவுக்கு ஆகாது என்று முடிவு செய்தோம். சேலை வளைந்து தொங்குவதால் உள்ளே குழந்தையும் வளைந்துதான் படுக்கும். ஆனால் ஏணை இல்லாமல் எங்கள் ஊரில் ஒரு குழந்தையும் வளர்ந்ததில்லை, என் மகளும் பகலில் அதில்தான் கண்ணை மூடினாள். பகலில் ஆயாவோ அம்மாவோ பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டுவார்கள், முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். தூங்கியதும் எடுத்துக் கிரிப்பில் போடுவோம். இரவில் பார்க்க ஆள் இல்லை என்பதால் இரவு முழுக்கக் கிரிப்தான்.

மெத்தை கல் மாதிரி இருக்கிறது என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். கைவைத்துப் பார்த்துவிட்டு, மேலே ஒரு மெத்தை விரி, பழைய சேலையை நாலாக மடித்துப் போடு என்றார்கள். அது கெட்டியாகத்தான் இருக்க வேண்டும். மேலே மெத்தென்று எதையாவது போட்டால் குழந்தையின் முகம் அதில் புதையும், ஓரத்தில் இடைவெளியும் உண்டாகும். ஒரே ஒரு குறை எனக்கும் இருந்தது. கூட வந்த உறை ஒன்றுதான். மார்கழிப் பனியில் துவைத்த உறை காய இரண்டு நாள் ஆனது. ஊர் தையல்காரரிடம் அப்பாவின் பழைய வேட்டியைக் கொடுத்து, நான்கு மூலையிலும் எலாஸ்டிக் வைத்து மூன்று உறை தைத்து வாங்கினோம். மெத்தையோடு இழுத்துப் பிடிக்கிற மாதிரி தைக்கச் சொல்லுங்கள், லூசாக இருந்தால் சுருண்டு மேலே வந்துவிடும். குளிருக்காகத் தொப்பி போட்டுத் தூங்க வைப்பதையும் விட்டுவிட்டோம். நாங்கள் போட்டிருப்பதைவிட ஓர் அடுக்கு கூடுதலாக உடுத்தியதே மகளுக்குப் போதுமாக இருந்தது.

கிரிப்பின் அடியில் துணி வைக்க ஒரு தட்டு உண்டு. ஆயாவுக்குக் குழந்தையின் தலைமாட்டில் இரும்பும் வேப்பிலையும் வைத்தே ஆக வேண்டும். படுக்கைக்குள் எதுவும் வைக்கக் கூடாது என்பதில் நானும் உறுதியாக இருந்தேன். அடித்தட்டில், தலைமாட்டுக்கு நேர் கீழே, இரண்டையும் வைத்தோம். அவருக்கு நிம்மதி, எனக்கும் நிம்மதி. வசம்பு வளையலையும் கயிறு கட்டித் தொங்கும் கிலுகிலுப்பையையும் தூங்கும்போது கழற்றிவிடுவோம்.

ஆயா இதைத் தொட்டில் என்று ஒருநாளும் சொன்னதில்லை, பாப்பா கட்டில் என்றுதான் சொல்வார். ஏன் என்று ஓர் இரவு பால் கொடுத்து முடித்த பிறகு கேட்டேன். பெண் குழந்தைகளைக் கொன்றுவிடாமல் இங்கே போட்டுவிட்டுப் போங்கள் என்று அரசாங்கம் வைத்த தொட்டில்தான் அந்தச் சொல்லைக் கேட்டால் நினைவுக்கு வருகிறது என்றார். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில் தொடங்கியது, 2001-ல் தர்மபுரிக்கும் வந்தது. அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகவில்லை, எல்லாம் தர்மபுரிதான். அந்தக் காலத்தைப் பார்த்தவர், கொள்ளுப்பேத்தியின் மேல் கையை வைத்தபடி இதைச் சொன்னார். நானும் அன்று முதல் பாப்பா கட்டில் என்றே சொல்கிறேன்.

மாசியில் கிருஷ்ணகிரிக்கு வந்தோம். கிரிப்பை மடக்கிப் பையில் போட்டால் காரின் டிக்கியில் அடங்கிவிட்டது. பஸ்ஸில் குழந்தையோடு ஒருவர் தூக்கிக்கொண்டு போகும் கனம் இல்லை இது, பெரிய சூட்கேஸ் அளவுக்கு இருக்கும். பிரித்து மாட்டக் கால் மணி நேரம் ஆகும்.

இங்கேதான் அடுத்த சிக்கல். கிருஷ்ணகிரி வீட்டில் இருப்பது சாமான் வைக்கும் பெட்டிக் கட்டில். நான்கு பக்கமும் பிளைவுட் தரைவரை இறங்கியிருக்கும், பட்டை சுற்றக் கால் கிடையாது. மெத்தைக்கு அடியில் பட்டையை விட்டு எதிர்ப்பக்கம் கொண்டுபோகலாம் என்று பார்த்தால் கட்டில் ஆறடி அகலம், பட்டை எட்டவில்லை. நைலான் கயிறு கட்டி நீட்டலாம் என்றார் கணவர். அதோடு வந்த குறிப்பில் வேறு கயிறு சேர்க்கக் கூடாது என்று போட்டிருந்ததால் நான் ஒப்புக்கொள்ளவில்லை. பக்கத் தடுப்பை மேலே ஏற்றி ஜிப்பை மூடி, கட்டிலுக்குப் பக்கத்தில் தனித் தொட்டிலாக வைத்துக்கொண்டோம். கட்டிலோடு கட்ட முடியாவிட்டால் தடுப்பை இறக்கவே கூடாது. அதற்குள் தையல் ஆறியிருந்ததால் எழுந்து எடுப்பது எனக்குக் கஷ்டமாக இல்லை. யோசித்துப் பார்த்தால், பக்கத் தடுப்பை இறக்கும் அந்த வசதிக்காகக் கொடுத்த கூடுதல் காசுக்கு மூன்று மாதம்தான் பலன். அந்த மூன்று மாதத்தில் அது எனக்குச் செய்த உதவிக்கு ஈடு கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும்.

பங்குனி வெயிலில் கிரிப்பின் வலைத்துணிப் பக்கங்கள் நன்றாக உதவின. கரண்ட் போன இரவுகளில் ஜன்னல் பக்கம் நகர்த்தினால் காற்று உள்ளே போனது. கொசுவலை தனியாக வாங்க வேண்டியிருந்தது. இன்னொன்று, சாம்பிராணிப் புகை அந்த வலைத் துணியில் பிடித்துக்கொண்டு போகவே இல்லை. குழந்தையின் நெஞ்சுக்கும் புகை நல்லதில்லை என்பதால் புகை போடுவதையே நிறுத்திவிட்டோம்.

9 கிலோவரை தாங்கும் என்று எழுதியிருந்தது. ஒரு வருடம் ஓட்டலாம் என்று கணக்குப் போட்டிருந்தோம். சித்திரை முதல் வாரத்தில், ஐந்து மாதம் முடிவதற்குள், மகள் தானாகப் புரண்டு குப்புற விழுந்தாள். எடை 6.3 கிலோதான். ஆனாலும் அன்றே கிரிப்பை மடக்கிவிட்டோம். புரளும் குழந்தை அடுத்து கையை ஊன்றி எழும்பப் பார்க்கும், அப்போது இந்த உயரத்துத் தடுப்பு போதாது. கடையில் எடையைத்தான் சொல்வார்கள். குழந்தை எப்போது புரளும் என்பதை வைத்துத்தான் இதன் ஆயுளைக் கணக்கிட வேண்டும்.

போன ஆவணியில் தர்மபுரியில் இருக்கும் தங்கைக்குக் கொடுத்தேன். அவர்கள் பாய் விரித்துத் தரையில் படுப்பவர்கள். மிகக் கீழான துளையில் வைத்தாலும் கிரிப் இடுப்பு உயரத்துக்கு நின்றது, ஒவ்வொரு முறையும் அவள் தரையிலிருந்து எழுந்து நிற்க வேண்டியிருந்தது. பத்தே நாளில் திருப்பி அனுப்பிவிட்டாள். தன் பாய்க்குப் பக்கத்தில் குழந்தைக்கெனத் தனிப் பாய், மேலே ஒரு கெட்டி விரிப்பு, தலையணை கிடையாது, கொசுவலை மட்டும். அவள் குழந்தை அப்படியே நன்றாகத் தூங்கியது. தரையில் படுக்கும் வீட்டுக்கு இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம் என்பேன்.

இப்போது பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணுக்கு அடுத்த மாதம் பிரசவம். புதிதாக வாங்க இருந்தவரிடம் இதை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். நேற்று வலையில் கிழிசல் இருக்கிறதா, ஜிப் முழுதாக ஏறுகிறதா, சக்கரப் பூட்டு பிடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு பட்டையின் கொக்கி தேய்ந்திருந்தது, மாற்றுப் பட்டை வரும்வரை கொடுக்கப் போவதில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கும் போய்வந்தேன். மரக் கட்டில், நான்கு கால், ஐந்தடி அகலம். அவரை மெத்தையில் படுக்கச் சொல்லி அளந்தேன், 20 அங்குலம். நான்காவது துளை சரியாக இருக்கும்.