பர்மாக் கடைப் பேரேடும் மலிவு ஹார்ட் டிஸ்க்கும்

எங்கள் காரைக்குடி வீட்டு பர்மாக் கடைப் பேரேடுகள், மொய்ப்பண ஏடுகள், உறவினர் கல்யாண வீடியோக்கள் எல்லாவற்றையும் பல ஆண்டுகளாகக் கணினியில் ஏற்றிக் காத்துவருகிறேன். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) வண்ணத்தில் ஸ்கேன் எடுத்தால் ஏ4 பக்கம் ஒன்றே சுருக்காத டிஃப் படக் கோப்பாக 100 எம்பியைத் தாண்டும். பத்தாயிரம் பக்கத்துக்கு ஒரு டெராபைட் போய்விடும். ஏட்டைக் கரையான் அரித்தால் கண்ணுக்குத் தெரியும், கோப்பு கெட்டால் தெரியாது. விலை உயர்ந்த சாதனம் வேண்டாம். மலிவான டிஸ்க்கும் தவறாத சோதனையும் போதும் என்பது என் கட்சி.

பிரதிகள் மூன்று: வீட்டில் ஒரு டிஸ்க், தேவகோட்டையில் என் ஆச்சி வீட்டு இரும்புப் பெட்டியில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. "வெள்ளிச் சாமானோடு வைத்தால் ஒன்றும் ஆகாதே தம்பி?" என்று ஆச்சி இன்னும் கேட்கிறார்கள். டிஸ்க் வாங்கும்போது எஸ்எம்ஆர் வகையா, தரவு எழுதும் தடங்கள் தனித்தனியாக இருக்கும் சிஎம்ஆர் வகையா என்று பாருங்கள். எஸ்எம்ஆர் வகையில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால், மொத்தமாக எழுதத் தொடங்கினால் சற்று நேரத்தில் தவழ ஆரம்பித்துவிடும். ஒருமுறை எழுதி வைத்துவிடும் காப்புக்கு அது போதும். தினசரி வேலைக்கு ஆகாது.

ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 என்ற, கோப்பு கொஞ்சம் மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற எண்ணைக் கணக்கிட்டு ஒரு பட்டியலில் வைத்திருக்கிறேன். ஆச்சி வீட்டு டிஸ்க் பொங்கலுக்கு ஊர் வரும்போது அந்தப் பட்டியலைக் கொண்டு சரிபார்ப்பேன். ஒரு பொங்கலில் ரங்கூன் வட்டிக்கணக்குப் பக்கம் ஒன்று ஒத்துவரவில்லை. திறந்தால் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் கீழ் ஓரத்தில், கையெழுத்துக்கு மேலே, பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள் தெரிந்தன. வீட்டு டிஸ்க்கிலிருந்த பிரதி பழுதில்லாமல் இருந்ததால் அதை எடுத்து வைத்துவிட்டேன்.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த நூல்கள் சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகத்துக்குப் போனபின் அவற்றை மைக்ரோஃபிலிமில் எடுத்தார்கள். வெளிச்சமும் பூதக்கண்ணாடியும் இருந்தால் அந்தச் சுருளைப் படித்துவிடலாம். நம் கோப்புகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதனால் டிஸ்க்குகளில் கடவுச்சொல் பூட்டுப் போடுவதில்லை. எந்தக் கணினியில் செருகினாலும் திறக்க வேண்டும்.

இணையத்துக்கு மட்டும், கோப்புகளை ஏற்றி இறக்கும் ஆர்க்ளோன் என்ற மென்பொருள் மூலம், கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்து அனுப்புகிறேன். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி ஆச்சியிடமே கொடுத்திருக்கிறேன். அமேசானின் கிளேசியர் டீப் ஆர்கைவ் என்ற இணையச் சேமிப்பு, அமெரிக்க மையங்களில் டெராபைட்டுக்கு மாதம் சுமார் 1 டாலர்தான். ஆனால் போடுவதற்கு மலிவு, எடுப்பதற்கு அல்ல: கோப்பு கைக்கு வர 12 முதல் 48 மணி நேரம் ஆகலாம், இணையம் வழியே இறக்கினால் டெராபைட்டுக்கு 90 டாலரை ஒட்டிச் செலவு. 180 நாளுக்குள் அழித்தாலும் அத்தனை நாளுக்கும் கட்டணம் உண்டு. வீடும் ஆச்சி வீடும் ஒருசேரப் போனால் மட்டுமே தொட வேண்டிய பிரதி இது. 40 எம்பிபிஎஸ் வேகத்தில் 4 டெராபைட் ஏற ஒன்பது நாளுக்கு மேல் பிடிக்கும். மின்வெட்டில் நின்றால் விட்ட கோப்பிலிருந்து தொடர ஆர்க்ளோன் கைகொடுக்கிறது, ஏறி முடிந்த கோப்புகளை மறுபடி அனுப்புவதில்லை.

எல்டிஓ என்ற காந்த நாடா டேப்பையும் விசாரித்தேன். எல்டிஓ-9 சுருள் ஒன்று 18 டெராபைட் கொள்ளும், சுருள் விலையும் நியாயம்தான். அதை ஓட்டும் கருவிக்குச் சில லட்சம் கேட்கிறார்கள். என் அளவுக்கு அது தேவையில்லை.