கதவைச் சாத்திவிட்டு நாய்க்கு நகம் வெட்டுபவர்கள்: ஓர் எச்சரிக்கை

செங்கோட்டை, தென்காசிப் பகுதியில் நாய் வளர்ப்பவர்கள் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் வளரும் கன்னி இன நாய்க்கு மூன்று வயது. நகவெட்டியைக் கண்டாலே வாலைச் சுருட்டிக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்துவிடும். பயந்த நாய்களை ஆறே வகுப்புகளில் பழக்கித் தருவதாக வந்த விளம்பரத்தை நம்பி, ஆரியங்காவு கடந்து புனலூர் சாலையில் உள்ள ஒரு பராமரிப்பு நிலையத்தில் சென்ற மாதம் 2,400 ரூபாயை முன்பணமாகக் கட்டினேன்.

வீட்டு ஆள் பக்கத்தில் இருந்தால் நாய் அடங்காது என்று கூறி, ‘பேடிக்கண்டா சேச்சி’ (பயப்படாதீர்கள் அக்கா) என்று மலையாளத்தில் சொல்லி என்னை வெளியே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள். பத்து நிமிடத்தில் கேட்ட அலறலைத் தாங்காமல் கதவைத் தள்ளித் திறந்தபோது, ஒருவர் அதன் கழுத்தை மேசையோடு அழுத்தியிருந்தார். வாய் நாடாவால் இறுகக் கட்டப்பட்டிருந்தது. வலது முன்னங்காலின் இரண்டு நகங்களிலிருந்து ரத்தம் துண்டில் சொட்டிக்கொண்டிருந்தது. பதினெட்டு நகங்களையும் ஒரே மூச்சில் வெட்டித் தள்ளுவதைத்தான் அவர்கள் பழக்குவது என்கிறார்கள்.

நாய் மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணித்துக்கொள்ளும் என்பதால், வாயைத் திறக்கவே முடியாதபடி கட்டி நெடுநேரம் வைத்திருப்பது ஆபத்தானது. கறுப்பு நகத்தில், ரத்தக்குழாயும் நரம்பும் ஓடும் உட்சதை வெளியே தெரியாது. ஆகவே நுனியை மில்லிமீட்டர் கணக்கில் சீவி, வெட்டிய முகத்தின் நடுவில் கருமையான புள்ளி தென்பட்டதும் நிறுத்த வேண்டும். அதைக்கூட அறியாதவர்களிடம் ரத்தத்தை நிறுத்தும் பொடியும் இல்லை. நான் கேட்ட பிறகுதான் சோளமாவைத் தேடி எடுத்து வந்து அழுத்தினார்கள். அதைவிடக் கொடுமை, அடுத்த முறை மயக்க மாத்திரை கொடுத்துவிடலாம் என்று கூசாமல் சொன்னது. அங்கே கால்நடை மருத்துவர் ஒருவரும் இல்லை. நாயைப் பரிசோதித்து அத்தகைய மருந்தை எழுதித் தர வேண்டியவர் பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் மட்டுமே.

பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். ரசீதை வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். உங்களை உள்ளே நிற்க அனுமதிக்காத இடத்தில், எவ்வளவு இனிக்கப் பேசினாலும், நாயை ஒப்படைக்காதீர்கள். ஆறு வகுப்புக்கான தொகையை ஒன்றாகக் கட்டாதீர்கள்.

இப்போது எங்கள் ஊர் கால்நடை மருத்துவரின் யோசனைப்படி வீட்டிலேயே பழக்கி வருகிறேன். முதல் வாரம் வெட்டவே இல்லை. நகவெட்டியைத் தரையில் வைத்து, அது அருகில் வந்து முகர்ந்தபோதெல்லாம் அவித்த கோழித்துண்டு ஒன்று கொடுத்தேன். அடுத்து, தோளிலிருந்து மெல்லக் கையை இறக்கிப் பாதத்தை ஒரு நொடி மட்டும் பிடித்து விட்டேன். வெட்டும் ஓசைக்குப் பழகட்டும் என்று, அது தின்றுகொண்டிருக்கும்போது தென்னை ஈர்க்குகளை நகவெட்டியால் நறுக்கிக் காட்டினேன். உதட்டை நக்கினாலோ, கொட்டாவி விட்டாலோ, முகத்தைத் திருப்பினாலோ அன்றைக்கு அத்துடன் விட்டுவிடுவேன். நேற்று இடது முன்னங்காலில் ஒரே ஒரு நகத்தின் நுனியை வெட்ட இசைந்தது. ரத்தம் வந்த அந்த வலது காலை மட்டும் இன்னும் தொடவிடுவதில்லை.