சாரநாத் அருங்காட்சியகம்: சிங்கங்களுக்கு முன் தூணைப் பாருங்கள்

வாரணாசியிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சாரநாத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் பெரும்பாலோர் ஒரே ஒரு பொருளைக் காணத்தான் போகிறார்கள். 1904-05 அகழாய்வில் கிடைத்த, ஏறக்குறைய 7 அடி உயரமுள்ள அசோகரின் சிங்கத் தலைப்பு (அவர் நிறுவிய தூணின் உச்சியில் இருந்த சிங்கச் சிற்பம்), நாணயத்திலும் ரூபாய் நோட்டிலும் பார்த்துப் பழகிய கண்ணுக்கும் புதிதாகவே தெரிகிறது. சுனார் மணற்கல்லில் ஏற்றியிருக்கும் மெருகு அப்படிப்பட்டது. அரசுச் சின்னத்தில் விடுபட்ட கவிழ்ந்த தாமரையும் இங்கே சேர்ந்தே இருக்கிறது. சிங்கங்களின் தலைக்கு மேல் முன்பு 32 ஆரங்கள் கொண்ட பெரிய தருமச் சக்கரம் ஒன்று இருந்தது. அதன் உடைந்த துண்டுகளைத் தவறவிடாதீர்கள். ஆள்பவனின் வலிமைக்கு மேலே அறத்தை வைத்த அந்த அமைப்பு, சக்கரம் சிங்கங்களின் காலடியில் மட்டுமே தெரியும் இன்றைய சின்னத்தில் இல்லை.

அடுத்து, 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, அறம் உரைக்கும் புத்தர் சிலை. என்னைக் கேட்டால், இதற்காக மட்டுமே கூட இவ்வளவு தூரம் வரலாம். புத்தகயையில் ஞானம் பெற்றவர், முன்பு தம்மை விட்டு விலகிப்போன ஐவரைத் தேடி வந்து முதல் உரையைச் சொன்ன இடம் இது. அந்த ஐவரையும் சிற்பி பீடத்தில் சக்கரத்தின் இருபுறமும் அமர்த்தியிருக்கிறார். தாழ்ந்த இமைகளோடு விரல்களால் எதையோ எண்ணி விளக்குவதுபோல் இருக்கும் முகத்தில், பெரிய ஞானி என்ற தோரணை துளியும் இல்லை.

ஆனால் அருங்காட்சியகத்தை இரண்டாவதாக வைத்துக்கொண்டு, அகழாய்வுத் திடலுக்கு முதலில் செல்வதே நல்லது. சிங்கத் தலைப்பைத் தாங்கிய தூணின் அடிப்பகுதி அங்கேதான் நிற்கிறது. பௌத்தத் துறவியரின் சங்கத்தைப் பிளக்கும் துறவி யாராயினும் துறவாடை களைந்து வெள்ளாடை உடுத்தி மடத்துக்கு வெளியே வசிக்க வேண்டும் என்றும், இந்த ஆணையின் படி ஒன்று இல்லறத்தாருக்கும் எட்ட வேண்டும் என்றும், அதிகாரிகள் பௌத்த நோன்பு நாளான உபோசத நாள்தோறும் தவறாமல் வர வேண்டும் என்றும் அதில் அசோகர் பொறித்திருக்கிறார். கலிங்கப் போருக்காக வருந்திய அரசர் என்று மட்டும் அவரை அறிந்தவர்களுக்கு இந்தக் கண்டிப்பு வியப்பாக இருக்கலாம். கருணையோடு நிர்வாகமும் தெரிந்தவர் அவர்.

நாங்கள் அமர்த்திய வழிகாட்டி, திடலிலுள்ள பெரிய பௌத்தத் தூபியான தமேக் தூபியின் உயரத்தை மும்முறை சொல்லிவிட்டு, இந்தத் தூணைக் கடந்து நேரே கடைவீதிக்கு அழைத்துப்போகப் பார்த்தார். கல்வெட்டின் பொருளை முன்கூட்டியே படித்துக்கொண்டு போனால் வழிகாட்டியே தேவையில்லை. திடலுக்கும் அருங்காட்சியகத்துக்கும் தனித்தனி நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.