புது மினி டிராக்டரா, பழைய பெரிய டிராக்டரா? கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்

நாலைந்து ஏக்கர் நிலம். பாதியில் மரங்கள், மீதியில் புல்லும் காய்கறிப் பாத்திகளும், நடுவே மழைக்கு அரித்துப் போகும் ஒரு மண்பாதை. இப்படி ஓர் இடத்துக்கு டிராக்டர் தேடினால், கையில் இருக்கும் பணத்துக்கு இரண்டு வகை வண்டிகள் கண்ணில் படும். ஒன்று, நான்கு சக்கர இழுவையோடு வரும் 20 முதல் 25 எச்.பி. வரையிலான புது மினி டிராக்டர். இன்னொன்று, பல வருஷம் உழைத்து முடித்த 45 எச்.பி. பெரிய டிராக்டர். நான் மினியை எடுத்தேன், இன்றைக்கும் அந்தப் பக்கம்தான் நிற்கிறேன். அதனால் இதை நடுநிலையான தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பவர் டில்லரையும் சிலர் சொல்வார்கள். சின்னப் பாத்திக்கும் சேற்று வயலுக்கும் நல்ல கருவிதான். ஆனால் சரிவில் இறங்கும்போது அதன் பக்கக் கிளட்ச் தலைகீழாக வேலை செய்யும். இடது கிளட்சைப் பிடித்தால் இடது சக்கரம் எஞ்சினின் பிடியிலிருந்து விடுபட்டு வேகமாக உருளும், வண்டி வலப்பக்கம் திரும்பிவிடும். மேடு பள்ளமான இடத்தில் இது எனக்குச் சரிப்படாது, அதனால் அதை இதோடு விட்டுவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். பெரிய வண்டிக்குப் பலம் அதிகம், டீசலும் அதிகம் குடிக்கும். மினி குறுகலானது, மரங்களுக்கு நடுவே புகுந்து வரும், சின்ன இடத்தில் திரும்பும். பெரியது சுமார் இரண்டு டன் இருக்கும். மினி பெரும்பாலும் ஒரு டன்னுக்குள் அடங்கும். அச்சில் எவ்வளவு எடை இறங்குகிறதோ அந்த அளவுக்கு மண் ஆழமாக இறுகும், ஈரமாக இருக்கும்போது இன்னும் மோசம். மர வேர்களுக்கு இது நல்லதில்லை. இதற்கு மேல் விளக்க ஒன்றுமில்லை.

என்னை மினி பக்கம் திருப்பியது இவை எதுவும் இல்லை. கருவி மாற்றும் வேலைதான்.

பெரிய நிலத்தில் காலையில் ரோட்டவேட்டரை, அதாவது சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவியை, மாட்டினால் பொழுது சாயும் வரை அதைக் கழற்ற வேண்டியதில்லை. சின்ன இடத்தில் நிலைமை வேறு. காலையில் புல் வெட்ட வேண்டும், அப்புறம் எருவை டிரெய்லரில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும், வெயில் இறங்கியதும் பாதையை நிரவ வேண்டும். ஒரே நாளில் மூன்று கருவிகள் மாறும். அதுவும் கூட ஆள் இல்லாமல், தனியாக. கருவி மாற்றுவது பெரும்பாடு என்றால் என்ன நடக்கும்? மாட்டியிருக்கும் கருவியோடே எல்லா வேலையையும் ஒப்பேற்றப் பார்ப்போம், மற்றக் கருவிகள் கொட்டகையில் துருப்பிடிக்கும். எத்தனை எச்.பி. இருந்தாலும் பயனில்லை.

டிராக்டரின் பின்னால் கருவியை மூன்று இடத்தில் பிடித்துக்கொள்ளும் மும்முனை இணைப்பு வந்ததே இந்தத் தொல்லையைக் குறைக்கத்தான். அதற்கு முன் பெரும்பாலும் கலப்பையைச் சங்கிலியில் கட்டி வண்டி போல இழுத்தார்கள். ஹாரி ஃபெர்குசனின் மும்முனை இணைப்பும் ஹைட்ராலிக்கும் 1939ல் ஃபோர்டு 9என் டிராக்டரில் வந்தபோது கருவி டிராக்டரின் உறுப்பாகவே மாறிவிட்டது. அந்த 9என் 25 எச்.பி.கூட இல்லாத வண்டி. இன்றைய மினி டிராக்டர்களோடு சேர்த்து நிறுத்த வேண்டிய அளவுதான். இந்த இணைப்பு முதலில் ஓடிப் பழகியது சின்ன வண்டிகளில் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

மாட்டும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் வித்தியாசம் புரியும். ரிவர்ஸில் நேராக வந்து, லோயர் லிங்க் எனும் கீழ்க் கைகள் இரண்டும் கருவியின் இரு பக்கமும் உள்ள பின்களுக்கு (முளைகளுக்கு) அருகில் இருக்கும்படி நிறுத்த வேண்டும். முதலில் இடது லிங்க்கை மாட்ட வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான வண்டிகளில் அதைச் சுலபமாக ஏற்றி இறக்க முடியாது. அடுத்தது வலது. அந்தப் பக்கம் ஒரு திருகு கைப்பிடி இருக்கும், அதைச் சுற்றினால் லிங்க் ஏறி இறங்கும், பின்னுக்கு நேராகத் துளை வந்து சேரும். கடைசியாக நடுவில் மேலே இருக்கும் டாப் லிங்க். அது இரு பக்கமும் மரையுள்ள குழாய், திருகினால் நீளும், குறையும்.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் ரிவர்ஸில் இரண்டு விரற்கடை தள்ளி நின்றுவிட்டால் அங்கேதான் வேலை மாட்டிக்கொள்ளும். மினிக்கான நாலடி ரோட்டவேட்டர் ஏறக்குறைய 200 கிலோ. கடப்பாரையை ஒரு முனையில் கொடுத்து நெம்பினால் அந்த இரண்டு விரற்கடை நகர்ந்து கொடுக்கும். பெரிய டிராக்டரின் ரோட்டவேட்டர் அதைப்போல இரண்டு மடங்கு. அதைத் தனியாள் அசைக்க முடியாது. மறுபடி இருக்கையில் ஏறி, கொஞ்சம் முன்னே போய், பின்னே வந்து, இறங்கிப் பார்த்து, மறுபடி ஏறி... இல்லாவிட்டால் ஒருவர் ஓட்ட, இன்னொருவர் டிராக்டருக்கும் கருவிக்கும் நடுவில் நின்று 'வா, வா, போதும்' என்பார். கிளட்சிலிருந்து கால் வழுக்கினால் நடுவில் நிற்பவர் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது பி.டி.ஓ. ஷாஃப்ட், எஞ்சினின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகும் தண்டு. டிராக்டர் பக்கத்து முனை 35 மி.மீ. கனம், ஆறு பல். ஷாஃப்டை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறு கையால் பூட்டு வளையத்தை இழுத்துப் பிடித்துப் பற்களை நேராக்கி உள்ளே தள்ள வேண்டும். பல் பொருந்தவில்லை என்றால் ஷாஃப்டைக் கையால் லேசாகத் திருப்பினால் போதும், சுத்தியல் எடுக்கக் கூடாது. 'டக்' என்று பூட்டு விழுந்ததும் பின்பக்கம் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட வேண்டும். இந்த வேலை முழுவதும் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து வைத்துக்கொண்டு செய்ய வேண்டியது. ஷாஃப்ட் ஓடும் வேகம் நிமிஷத்துக்கு 540 சுற்று என்றால் விநாடிக்கு 9 சுற்று. சட்டை நுனி மாட்டினால் கையை உதறுவதற்குக்கூட நேரம் இருக்காது. ஷாஃப்டின் மேலுள்ள பிளாஸ்டிக் உறையைத் தொந்தரவு என்று கழற்றி வீசுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

லிங்க்கை மாட்டும் அந்த முளையின், அதாவது பின்னின், அளவிலும் ஒரு சங்கதி உண்டு. மினிகள் பெரும்பாலும் முதல் வகை இணைப்பு, லோயர் லிங்க் பின் 22 மி.மீ. பெரியவை பெரும்பாலும் இரண்டாம் வகை, 28 மி.மீ. சின்னப் பின்மேல் புஷ் என்ற வளையம் போட்டுப் பெரிய வண்டியில் மாட்டலாம், ஆனால் பெரிய பின் சின்னத் துளைக்குள் போகாது. நாளைக்குப் பெரிய வண்டிக்கு மாறினால் மினியின் கருவிகளில் சிலதையாவது கூட எடுத்துப் போகலாம், லிங்க்குகளுக்கு இடையிலான அகலம் ஒத்துவந்தால்.

பழைய பெரிய வண்டியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பல பழைய மாடல்களில் வண்டிக்கும் பி.டி.ஓ.வுக்கும் ஒரே கிளட்ச்தான். பின்னால் கனமான சுழல் புல்வெட்டி ஓடும்போது கிளட்சை அழுத்தினால் எஞ்சின் விடுபடும், ஆனால் சுழன்றுகொண்டிருக்கும் பிளேடின் வேகம் ஷாஃப்ட் வழியாகத் திரும்பி வந்து சக்கரங்களைத் தள்ளும். பிரேக்கை மிதித்தும் வண்டி வேலியை நோக்கிப் போகும். இதைத் தடுக்க ஒருவழிச் சுழற்சிக் கப்ளிங் ஒன்று உண்டு, அது இல்லாமல் அப்படிப்பட்ட வண்டியில் புல் வெட்டக் கூடாது. இப்போதைய மினிகளில் இரட்டைக் கிளட்சோ தனி பி.டி.ஓ. கிளட்சோ உள்ள மாடல் கிடைக்கிறது. கொஞ்சம் கூடக் கொடுத்தாவது அதை எடுப்பது நல்லது.

சரி, மினிக்கு என்ன கருவி? என் கணக்கில் முதலிடம் புல்வெட்டிக்கு, ரோட்டவேட்டருக்கு இல்லை. உழவு வருஷத்தில் சில நாள்தான், புல்லோ நிற்காமல் வளர்கிறது. புல்வெட்டிக்கு ஓர் அடி அகலத்துக்கு 5 எச்.பி. என்பது பழகிய கணக்கு. அது எஞ்சின் எச்.பி. இல்லை, பி.டி.ஓ.வில் வந்து சேரும் எச்.பி. 24 எச்.பி. எஞ்சினில் அங்கே 20 சொச்சம் கிடைக்கும், ஆக நாலடி. டயர்களின் வெளி அகலத்தைவிடக் கருவி குறுகலாக இருந்துவிடக் கூடாது. இருந்தால் டயர் மிதித்துப் படுத்த புல் அப்படியே கிடக்கும், ரோட்டவேட்டரானால் டயர் தடம் உழாமல் கோடு போட்டது போல நிற்கும். மூன்றாவதாகப் பாதை நிரவ ஒரு பின்பக்க பிளேடு. கருவிகளை மண் தரையில் போடாமல் மரக்கட்டைமேல், ரிவர்ஸில் நேராக வர இடம் விட்டு, வரிசையாக நிறுத்தினால் மாற்றும் வேலை பாதியாகக் குறையும்.

முன்பக்க லோடரை மற்றவர்கள் வண்டியில் கொஞ்சம் ஓட்டிய பழக்கம்தான் எனக்கு, அதனால் உறுதியாகப் பேச மாட்டேன். பக்கெட்டில் மண் ஏறியதும் பின்சக்கரம் லேசாகிவிடுவதை மட்டும் நன்றாக உணர்ந்தேன். பெரும்பாலான வண்டிகளில் பிரேக் பின்சக்கரத்தில்தான். ஆகவே சரிவில் நான்கு சக்கர இழுவையைப் போட்டுக்கொள்ளாமல், பின்னால் எடை மாட்டாமல் லோடரைத் தூக்கக் கூடாது.

பெரிய வண்டி ஜெயிக்கும் இடங்களும் இருக்கின்றன. சட்டிக் கலப்பையால் ஆழ உழ வேண்டுமென்றால் மினி திணறும். கனமான டிரெய்லரோடு இறக்கத்தில் வரும்போது சுமை டிராக்டரைத் தள்ளும், அங்கே இரண்டு டன் எடைதான் காப்பாற்றும். பழைய எஞ்சின் எளிமையானது, எந்த மெக்கானிக்கும் பிரித்துப் பார்ப்பார். வாடகை உழவுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் யோசிக்காமல் பெரியதை எடுங்கள். மறுவிற்பனையில், பழைய வண்டி விழ வேண்டிய விலை ஏற்கெனவே விழுந்துவிட்டது. புது மினி முதல் சில வருஷங்களில்தான் அதிகம் இழக்கும். என் வண்டியை இன்னும் விற்றுப் பார்க்கவில்லை.

பராமரிப்பில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. மினியில் முன் அச்சுக்கும் எண்ணெய் பார்க்க வேண்டும். இறுகிய சாலையில் நான்கு சக்கர இழுவையை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் முன் டயர் சீக்கிரம் தேயும். ரேடியேட்டர் தரைக்குப் பக்கத்தில் இருப்பதால் புல் வெட்டும் நாளில் வலை முழுக்கப் புல் விதை ஒட்டிக்கொள்ளும். வெப்பமானி முள் ஏறும் வரை காத்திருக்காமல், எஞ்சினை நிறுத்திவிட்டு அவ்வப்போது தட்டிவிட வேண்டும்.

வாங்குவதற்கு முன் உழுது காட்டச் சொல்வதுதான் வழக்கம். அதோடு விடாமல், ரோட்டவேட்டரைக் கழற்றித் தரையில் வைக்கச் சொல்லிவிட்டு, யாரும் உதவாமல் நீங்களே ஒருமுறை மாட்டிப் பாருங்கள். பழைய வண்டியானால், திறந்த இடத்தில் புல்வெட்டியை மாட்டி, ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, ஓடும்போது கிளட்சை மிதித்து வண்டி நிற்கிறதா, இன்னும் நகர்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். நகர்ந்தால், அந்தக் கப்ளிங்கைப் போட்டுத் தந்த பிறகு விலை பேசலாம்.