எம்.எல்.ஏ. ஆக: கட்சி டிக்கெட்டா, சுயேச்சையா?

உள்ளூரில் நல்ல பெயர் இருக்கிறது, சட்டமன்றத்துக்குப் போட்டியிடலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் திணறுவது இந்தக் கேள்வியில்தான்.

மனு: அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்காரருக்கு ஒரு முன்மொழிபவர் போதும். சுயேச்சைக்குத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் வேண்டும். டெபாசிட் இருவருக்கும் ஒன்றே: 10,000 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. வேட்பாளருக்கு 5,000.

சின்னம்: உண்மையான இடைவெளி இங்கேதான். கட்சிச் சின்னம் சுவரில் பல வருடமாக இருக்கிறது. சுயேச்சைக்கோ மனு வாபஸ் முடிந்த பிறகே கிடைக்கும். அதை வீடு வீடாகப் பதிய வைக்க ஏறக்குறைய இரண்டு வாரம்தான் கையில் இருக்கும். 2017 ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் தினகரன் குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக வென்றார் என்பார்கள். ஆனால் அவர் அதற்கு முன்பே மாநிலம் அறிந்த முகம். அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

செலவு: உச்சவரம்பு இருவருக்கும் 40 லட்சம். நட்சத்திரப் பேச்சாளரின் (பிரசாரத்துக்கென்று கட்சி அறிவிக்கும் தலைவர்) பயணச் செலவு கட்சி வேட்பாளர் கணக்கில் ஏறாது, பெரிய சலுகை இது.

ஜெயித்த பிறகு: கட்சி உறுப்பினர் கொறடா உத்தரவை (எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி இடும் கட்டளை) மீறி வாக்களித்தால் பதவி போகலாம். சுயேச்சைக்குக் கொறடா இல்லை. ஆனால் பின்னர் ஒரு கட்சியில் சேர்ந்தால் அவருக்கும் பதவி போகும்.

அமைச்சராகும் ஆசையும் நீண்ட அரசியலும் என்றால் கட்சிதான் சரி. ஒரே ஒரு உள்ளூர்ப் பிரச்சினையைச் சட்டமன்றத்தில் ஒலிக்கச் செய்யவேண்டும், ஊரே கூட நிற்கிறது என்றால் தயங்காமல் சுயேச்சையாக நில்லுங்கள்.