இடுப்புக்கு எந்த பேண்ட்: துணியா, ரப்பர் லூப்பா, நீளப் பட்டையா?

இடுப்பைப் பலப்படுத்த, இழுத்துப் பயிற்சி செய்யும் ரெசிஸ்டன்ஸ் பேண்ட் வாங்கலாம் என்று தேடினால் மூன்று வகை முன்னால் வந்து நிற்கும். ஒன்று, ரப்பர் இழை சேர்த்து நெய்த அகலமான துணி வளையம். இன்னொன்று, பல நிறங்களில் செட்டாக வரும் மெல்லிய ரப்பர் லூப். மூன்றாவது, பிசியோ கிளினிக்கில் பெரிய ரோலிலிருந்து வெட்டித் தருவார்களே, அந்த நீளமான தட்டைப் பட்டை. மூன்றும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. நான் தினமும் கையில் எடுப்பது பட்டையைத்தான். ஆகவே இந்த அலசலில் அதன் பக்கம் கொஞ்சம் சாய்வு இருக்கும், தெரிந்தே படியுங்கள்.

விலையைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. மூன்றையும் சேர்த்து வாங்கினால்கூட நகரத்து ஜிம்முக்கு ஒரு மாதம் கட்டும் பணத்தைத் தாண்டாது. சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போகலாம் என்பதும் மூன்றுக்கும் பொது.

எதற்காக வாங்குகிறோம் என்பதில்தான் வித்தியாசம் தொடங்குகிறது. நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் ஒரு கணம் ஒற்றைக் காலில் நிற்கிறோம். அந்தக் கணத்தில் உடம்பு மறுபக்கம் சரியாமல் பிடித்து வைப்பது, புட்டத்தின் பக்கவாட்டில் இருக்கும் குளூட்டியஸ் மீடியஸ் என்ற தசை. ஜெர்மன் அறுவை மருத்துவர் டிரெண்டலன்பர்க் 1895இல் விவரித்த சோதனை இன்றும் இதற்குப் பயன்படுகிறது. கண்ணாடி முன்னால் நின்று ஒரு காலைத் தூக்குங்கள். தூக்கிய பக்கத்து இடுப்பு கீழே இறங்கினால், நிற்கிற காலின் பக்கத் தசைக்கு அந்தப் பாரத்தைத் தாங்கும் தெம்பு இல்லை என்று பொருள். இடுப்பைக் கீழிருந்து இந்தத் தசை பிடிக்கும்போது, தூக்கிய கால் பக்கத்தில் விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே உள்ள தசைகள் மேலிருந்து பிடிக்கின்றன. அதனால் இடுப்புப் பயிற்சி, வயிறு-முதுகைச் சுற்றியுள்ள தசைகளுக்கான கோர் பயிற்சி, பேலன்ஸ் பயிற்சி என்று தனித்தனியாக அட்டவணை போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒற்றைக் காலில் ஒழுங்காக நிற்க வைத்தால் மூன்றும் சேர்ந்தே நடக்கும்.

சரி, துணி பேண்ட். முதல் நாளிலேயே பிடித்துப்போகும். தொடையில் மாட்டினால் சுருளாது, உள்பக்கம் ஓடும் ரப்பர் வரிகள் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும், ரோமத்தைப் பிடுங்காது. கையால் அலசிக் காயப்போடலாம். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் பிரிட்ஜ், நின்றபடி முட்டியை மடக்கி உட்கார்வதுபோல் இறங்கி எழும் ஸ்குவாட், ஒருக்களித்துப் படுத்து முட்டியைத் திறக்கும் கிளாம்ஷெல் இவற்றுக்கெல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் அதிகம் நீளாது. கொஞ்ச தூரம் இழுபடும், அப்புறம் சுவர் மாதிரி நின்றுவிடும். முட்டிக்கு மேலே, சின்ன அசைவுக்குத்தான் அது சரி. கணுக்காலில் மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் அடி வைத்தால் பாதி அடியிலேயே கால் நின்றுவிடும்.

ரப்பர் லூப் நன்றாக நீளும், கணுக்காலுக்கும் இறங்கும். ஆனால் அதன் சுற்றளவு மாறாது. உயரமானவருக்கும் குள்ளமானவருக்கும் ஒரே வளையம், கூடக் குறைக்க வேண்டுமென்றால் அடுத்த நிறத்துக்குத்தான் தாவ வேண்டும். தொடையில் மாட்டினால் பத்து நிமிடத்தில் கயிறாகச் சுருண்டுவிடும். நான் பார்த்தவரை முதலில் தையல்போல ஒட்டிய இடத்தில்தான் கிழிகிறது.

என்னைப் பொறுத்தவரை தீர்ப்பைச் சொல்வது ஒரே விஷயம்தான்: பேண்டை எங்கே மாட்ட முடிகிறது?

கதவைக் கீல் பக்கம் தள்ளிப் பாருங்கள், அப்புறம் கைப்பிடிப் பக்கம் தள்ளிப் பாருங்கள். காலும் இடுப்பு மூட்டில் கீல் போட்ட கதவுதான். முட்டி ஏறக்குறையப் பாதி தூரத்தில் இருக்கிறது, கணுக்கால் கடைசியில். அதே இழுவிசையை முட்டியிலிருந்து கணுக்காலுக்கு இறக்கினால், இடுப்பு மூட்டில் அது உண்டாக்கும் திருப்பம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதாவது கணுக்காலில் ஒரு லேசான பேண்ட் செய்கிற வேலையை முட்டிக்கு மேலே செய்ய, தடிமனான பேண்ட் தேவை. கடையில் துணி பேண்டெல்லாம் ஏன் அவ்வளவு விறைப்பாக இருக்கின்றன என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னும் கீழே, முன்பாதத்தைச் சுற்றிக் கட்டினால்? கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் குழுவினர் இதைச் சோதித்து 2012இல் வெளியிட்டார்கள். பேண்டை முட்டியிலிருந்து கணுக்காலுக்கும், அங்கிருந்து முன்பாதத்துக்கும் நகர்த்த நகர்த்தப் புட்டத் தசைகளின் வேலை கூடியது. முன்பாதத்தில் மாட்டியபோது பாதம் உள்ளே திரும்பப் பார்க்கும், அதைத் தடுக்கத் தொடையை வெளிப்பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும், புட்டத்துக்குக் கூடுதல் வேலை அங்கிருந்து வருகிறது. இடுப்பின் முன்பக்கத்தில் இருக்கும் டென்சர் ஃபேசியா லாட்டா என்ற தசை அதற்கேற்றபடி கூடுதலாகத் தலையிடவில்லை என்பதுதான் முக்கியம். அந்தத் தசை புட்டத்தின் வேலையைத் தானே இழுத்துப் போட்டுக்கொள்கிற ஆள். சிறிய ஆய்வு, ஆரோக்கியமான ஆண்களை மட்டும் வைத்துச் செய்தது, ஆகவே இதையே வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் பட்டையை முன்பாதத்தில் சுற்றிக் கட்டிக்கொண்டு அரை ஸ்குவாட்டில் பக்கவாட்டாக நான்கு அடி வைத்தாலே எங்கே எரிகிறது என்று உடம்பு சொல்லிவிடும். துணி பேண்டால் இது முடியாது. ரப்பர் லூப்பால் முடியும், ஆனால் சுற்றளவு நம் காலுக்குப் பொருந்தினால்தான்.

அரை ஸ்குவாட் என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. 2015இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, நிமிர்ந்து நின்று பக்கவாட்டில் நடப்பதையும் முட்டியை மடக்கி நடப்பதையும் ஒப்பிட்டது. மடக்கி நடந்தால் புட்டத் தசைகள் கூடுதலாகவும் அந்த முன்பக்கத் தசை குறைவாகவும் வேலை செய்தன. கூடவே இன்னொரு விஷயமும் தெரிந்தது: நகர்கிற காலைவிட நிற்கிற காலில்தான் புட்டத் தசை அதிகம் உழைக்கிறது. பேண்ட் கட்டியவர்கள் பெரும்பாலும் நகர்கிற காலையே பார்த்துக்கொண்டிருப்போம். பார்க்க வேண்டியது தரையில் ஊன்றிய காலை.

இதைப் புரிந்துகொண்டதும் நீளப் பட்டையின் அருமை இன்னும் தெரியும். அது நம் இரண்டு கால்களுக்கு நடுவே மட்டும் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு முனையைச் சன்னல் கம்பியின் கீழ்ப்பகுதியிலோ கனமான கட்டில் காலிலோ கட்டி, மறு முனையை ஒரு கணுக்காலில் மாட்டிக்கொண்டு, இன்னொரு காலில் நின்று, கட்டிய காலை முன்னே, பின்னே, பக்கவாட்டில் மெதுவாக நகர்த்தலாம். இழுவை வருகிற திசை மாற மாற, நிற்கிற கால் ஒவ்வொரு திசையிலும் உடம்பைப் பிடித்து நிறுத்தப் பழகுகிறது. என்னைக் கேட்டால், பேண்டை வைத்து வீட்டில் செய்யக்கூடிய பேலன்ஸ் பயிற்சிகளில் இதற்கு ஈடில்லை. மற்ற இரண்டு வகையாலும் இதை ஒழுங்காகச் செய்ய முடியாது.

அதே சன்னல் கம்பியில் நெஞ்சு உயரத்தில் கட்டி, பக்கவாட்டில் நின்று, மறு முனையை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சுக்கு நேராக நீட்டினால் அது பாலஃப் பிரஸ். பேண்ட் உடம்பைத் திருப்பப் பார்க்கும், நாம் திரும்பாமல் நிற்க வேண்டும். செய்வதற்கு ஒன்றுமே இல்லாததுபோல் தெரியும், பத்து நொடியில் வயிற்றின் பக்கவாட்டுத் தசைகள் பேச ஆரம்பிக்கும். அந்தப் பத்து நொடிக்கும் காரணம் உண்டு. கோர் தசைகளுக்கு உச்ச பலத்தைவிடத் தாக்குப்பிடிக்கும் திறன்தான் முக்கியம் என்பது மெக்கில் நெடுங்காலமாகச் சொல்லிவருவது. ஒரே மூச்சாக இரண்டு நிமிடம் நடுங்கிக்கொண்டு நிற்பதைவிட, சுமார் பத்து நொடிப் பிடிப்புகளைப் பல முறை, சுற்றுக்குச் சுற்று எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே செய்வது அவர் முறை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, முழங்கையில் ஊன்றி உடம்பை நேராகத் தூக்கிப் பிடிக்கும் சைட் பிளாங்க்கையும் நான் இப்படித்தான் செய்கிறேன். அதற்கு பேண்டே தேவையில்லை.

பாரத்தைக் கூட்டிக் குறைப்பதும் பட்டையில் எளிது. ரப்பரின் இழுவை, அது தன் நீளத்தில் எத்தனை சதவீதம் நீண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. இழுபடும் துண்டை இரண்டு கைப்பிடி நீளமாக விட்டுக் கட்டினால் லேசாகும், குட்டையாகக் கட்டினால் கடினமாகும். இந்தப் பட்டைகளைத் தயாரிக்கும் தெராபேண்ட் கம்பெனி அளவுப்படி, இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுக்கும்போது சிவப்பு சுமார் 1.7 கிலோ, பச்சை 2.1, நீலம் 2.6, கறுப்பு 3.3 கிலோ. மற்ற கம்பெனிகளின் நிற வரிசை வேறாக இருக்கலாம், அதனால் ‘பச்சை வாங்கு’ என்று யாராவது சொன்னால் எந்தக் கம்பெனிப் பச்சை என்று கேளுங்கள்.

பட்டையின் பலவீனம் பராமரிப்பு. இயற்கை ரப்பருக்கு வெயில், வெப்பம், ஓசோன், எண்ணெய் எல்லாமே எதிரி. காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மாட்டினால் கொழகொழவென்று ஆகும். மொட்டை மாடியில் மறந்து விட்டுவிட்டு வந்தால் குறுக்கே மெல்லிய வெடிப்புகள் விழும். பயன்படுத்தியதும் ஈரத் துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, லேசாகப் பவுடர் தூவிச் சுருட்டி வைக்க வேண்டும். முடிச்சுப் போட்ட இடத்தில் சீக்கிரம் நையும் என்பதால் அவ்வப்போது முடிச்சின் இடத்தை மாற்றுகிறேன். இந்த வேலையெல்லாம் வேண்டாம் என்பவருக்குத் துணி பேண்டே மேல், அதில் சந்தேகமில்லை. லேடக்ஸ், அதாவது இயற்கை ரப்பர், ஒவ்வாமை உள்ளவர்கள் லேடக்ஸ் இல்லாத பட்டை கேட்டு வாங்க வேண்டும். துணிக்குள்ளும் பெரும்பாலும் ரப்பர் இழை ஓடுகிறது, அதையும் பார்க்க வேண்டும்.

துணி பேண்ட் ஜெயிக்கிற இடம் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அம்மாவுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. நின்றுகொண்டு கணுக்காலில் எதையாவது கட்டுவது தடுக்கி விழுவதற்கு வழி. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, முட்டிக்குச் சற்று மேலே துணி பேண்டை மாட்டி, இரண்டு முட்டியையும் மெதுவாக வெளியே தள்ளிப் பிடிக்கிறார். சுடிதாரோடு மாட்டலாம், குனிந்து முடிச்சுப் போட வேண்டாம். அப்புறம் பேண்டைக் கழற்றி வைத்துவிட்டு, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பார். அந்த வயதுக்கு இதுவே சரியான ஏற்பாடு என்று நினைக்கிறேன். மூட்டு மாற்று அறுவை ஆனவர்கள் என் பேச்சையோ வேறு யார் பேச்சையோ கேட்காமல் தங்கள் பிசியோவைக் கேட்பது நல்லது.

என் அனுபவமும் ஓரளவுக்குத்தான். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை, காலையில் மெதுவோட்டம், அவ்வளவுதான் என் இடுப்பு பார்த்தது. கனமான பார்பெல் ஸ்குவாட் செய்பவர்கள் வார்ம்-அப்புக்குத் துணி பேண்டைத்தான் விரும்புகிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கும், ஆனால் அதை நானே செய்து பார்த்ததில்லை.

பட்டை வாங்குவதாக இருந்தால் குறைந்தது 2 மீட்டர் துண்டாக வாங்குங்கள். சன்னலில் கட்டி, காலிலும் சுற்ற அதற்குக் குறைந்தால் போதாது. இடுப்புப் பயிற்சியைப் புதிதாகத் தொடங்குகிறவருக்குச் சிவப்பு அல்லது பச்சை போதும். ஒவ்வொரு முறையும் கட்டுவதற்கு முன் இரண்டு விரலால் இழுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்தில் ஊசிமுனை அளவு கீறல் தெரிந்தாலும் வெட்டி எறிந்துவிடுங்கள், அது அறுந்து தெறித்தால் முதலில் வருவது முகத்துக்குத்தான். வாடகை வீட்டில் சன்னல் கம்பி ஆடுகிறதா என்றும் ஒரு முறை உலுக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.