ஆய்வு விக்கிக்கு எது தோது: மீடியாவிக்கியா, டோக்குவிக்கியா?

ஒரு தமிழ்த்துறையோ வரலாற்று ஆய்வு வட்டமோ சொந்தமாக விக்கி தொடங்க நினைத்தால், பெரும்பாலும் இந்த இரண்டுக்கு நடுவில்தான் வந்து நிற்கும். விக்கிப்பீடியாவுக்காக எழுதப்பட்ட விக்கி மென்பொருள் மீடியாவிக்கி. ஆண்ட்ரியாஸ் கோர் 2004இல் உருவாக்கியது டோக்குவிக்கி. இரண்டும் கட்டற்றவை, பிஎச்பி என்ற நிரல்மொழியில் ஓடுபவை. நிறுவுகிற நாளில் டோக்குவிக்கிதான் சுலபம். ஐம்பதாவது கட்டுரை எழுதுகிற நாளில், அதுவும் தமிழில் எழுதினால், மீடியாவிக்கி இல்லாத குறை தெரியும்.

டோக்குவிக்கிக்குத் தரவுத்தளமே வேண்டாம். ஒவ்வொரு பக்கமும் ஒரு சாதாரண உரைக்கோப்பு. கோப்புறையை அப்படியே நகலெடுத்தால் காப்பு முடிந்தது. மீடியாவிக்கிக்குப் பொதுவாக மரியாடிபி அல்லது மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் வேண்டும். காப்பும் மூன்று துண்டு: தரவுத்தளம், படிமக் கோப்புறை, அமைப்புக் கோப்பு. தரவுத்தளத்தை மட்டும் எடுத்துவைத்தால், சர்வர் மாற்றும் நாளில் கட்டுரைகள் வந்துவிடும், கல்வெட்டுப் படங்கள் வராது. இன்னொன்று: மீடியாவிக்கியை நிறுவும்போது வேறு ஏதும் தேர்ந்தெடுக்காவிட்டால், கணக்கு இல்லாதவர்கூடப் பக்கத்தைத் திருத்தலாம். அன்றைக்கே அதை அடைக்காவிட்டால், விளம்பரக் குப்பையை அள்ளுவதே வேலையாகிவிடும்.

தமிழில் எழுதுகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது தலைப்பு. டோக்குவிக்கி பக்கத்தின் பெயரையே கோப்பின் பெயராக்குகிறது. இயல்பான அமைப்பில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் அதில் 9 இடம் பிடிக்கும். ‘க’ போன்ற எழுத்துக்கு ஒரு கணக்கு, அதன்மேல் ஏறும் புள்ளிக்கோ உயிர்க்குறிக்கோ இன்னொரு கணக்கு. ‘கோ’ மட்டுமே 18 இடம். லினக்ஸ் சர்வரில் கோப்புப்பெயரின் எல்லை 255 இடம் (பைட்). ‘தமிழ்நாட்டுக் கோயில் கல்வெட்டுகள்’ என்ற எளிய தலைப்பு 281 இடம் கேட்கும், பக்கம் சேமிக்கப்படாது. கோப்புப்பெயர்க் குறியேற்றத்தை யுடிஎஃப்-8 என்று மாற்றினால் அதே தலைப்பு 95இல் அடங்கிவிடும். ஆனால் முதல் பக்கம் எழுதுமுன்பே மாற்றவேண்டும். பிறகு மாற்றினால் பழைய பக்கங்கள் பழைய பெயரிலேயே கிடக்கும், விக்கியின் கண்ணுக்குப் படாது. மீடியாவிக்கி தலைப்பைத் தரவுத்தளத்தில் வைப்பதால் இந்தத் தொல்லை இல்லை. அங்கே எல்லை 255 பைட்; ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் என்பதால் 85 தமிழ்க் குறிகள்.

அதைவிடப் பெரிய சிக்கல், ஒரே பெயருக்குப் பல எழுத்து வடிவங்கள் இருப்பது. இராசராசன், இராஜராஜன், ராஜராஜன் மூன்றும் ஒருவர்தான். ‘ஔவையார்’ என்பதைப் பலர் ஒகரமும் ளகரமுமாகத் தட்டுகிறார்கள்; கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், விக்கிக்கு அவை இரண்டு பக்கங்கள். மொழியைத் தமிழாக அமைத்த மீடியாவிக்கியில், ஒரு பெயரில் வருபவரை இன்னொரு பக்கத்துக்கு அனுப்பும் வழிமாற்றை ‘#வழிமாற்று [[முதலாம் இராசராசன்]]’ என்று ஒரே வரியில் எழுதித் தீர்த்துவிடலாம். பக்கத்தை நகர்த்தினால் வழிமாற்று தானாகவே உருவாகும், திருத்த வரலாறும் கூடவே வரும். டோக்குவிக்கியின் அடிப்படைப் பொதியில் வழிமாற்றும் இல்லை, பெயர்மாற்றமும் இல்லை. இரண்டுக்கும் தனித்தனியாகச் செருகி (கூடுதல் வசதி தரும் துணைநிரல்) போடவேண்டும். செருகி இல்லாமல் புதுப் பக்கத்தில் வெட்டி ஒட்டினால், யார் எப்போது எந்த வரியைத் திருத்தினார் என்ற தடம் பழைய பக்கத்தோடு நின்றுவிடும். ஆய்வு விக்கிக்கு அந்தத் தடம்தான் உயிர்.

மேற்கோளுக்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயில் பற்றிய கட்டுரையில், ‘தம் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் இராசராசன் விமானத்து உச்சிக்குச் செப்புக்குடம் கொடுத்தார்’ என்று ஒரு வரி எழுதினால், அந்த வாக்கியம் முடிகிற இடத்திலேயே ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள், தொகுதி 2, எண் 1’ என்று நிற்கவேண்டும். பத்தியின் கடைசியில் நான்கு மேற்கோளைக் கொத்தாகக் கட்டினால் எந்தத் தகவல் எதிலிருந்து வந்தது என்று சரிபார்க்க முடியாது. டோக்குவிக்கியில் இதற்கு இரட்டை அடைப்புக்குறி போதும்: ((தென்னிந்தியக் கல்வெட்டுகள், தொகுதி 2, எண் 1)). கற்றுக்கொள்ள ஒரு நிமிடம். அதே குறிப்பை மறுபடி எழுதினால் பக்கத்தின் அடியில் ஒரே குறிப்பாகச் சேர்த்துவிடும். ஆனால் ஒரு முற்றுப்புள்ளி கூடினாலும் தனிக்குறிப்பாகப் பிரிந்துவிடும். மீடியாவிக்கியின் ரெஃப் (<ref>) குறியில் மேற்கோளுக்கு ஒரு பெயர் வைத்து, வேண்டிய இடத்திலெல்லாம் பெயரைச் சொல்லி அழைக்கலாம். புதியவர்கள் இங்கே சறுக்குவது ஒரே இடத்தில்தான்: அப்படி அழைக்கும் குறியின் (<ref name="பெயர்" />) கடைசிச் சாய்கோடு. அதை விட்டுவிட்டால், அடுத்த மேற்கோள் முடியும்வரை உள்ள உரை முழுவதையும் அடிக்குறிப்பு விழுங்கிவிடும். பத்தி காணாமல் போனால் முதலில் அங்கே பாருங்கள்.

விக்கிப்பீடியாவின் நூல் மேற்கோள் வார்ப்புருவை (விவரங்களை நிரப்பினால் மேற்கோளை அமைத்துத் தரும் அச்சு) இறக்குமதி செய்ய எல்லோருக்கும் ஆசை வரும். அது லுவா என்ற நிரல்மொழியில் எழுதிய கூறுகளை நம்பியிருப்பது. அவற்றை ஓட்டும் ஸ்கிரிபுண்டோ நீட்சி (மீடியாவிக்கியின் துணைநிரல்) இயக்கத்தில் இல்லாவிட்டால் பக்கமெங்கும் பிழைதான். சிறிய விக்கிக்கு அது வேண்டாம். ஆசிரியர், நூல், தொகுதி, ஆண்டு, பக்கம் என்று ஐந்தே புலங்களோடு சொந்த வார்ப்புரு எழுதிக்கொள்வதே நல்லது. யார் வேண்டுமானாலும் பழுது பார்க்கலாம்.

பயிற்சி வகுப்பில் பலர் ஒரே பக்கத்தைத் திறந்தால், டோக்குவிக்கி முதலில் திறந்தவருக்குப் பக்கத்தைப் பூட்டிக்கொடுக்கும். இயல்பாக 15 நிமிடம். மீடியாவிக்கி பூட்டாது. வெவ்வேறு பத்தியைத் திருத்தியிருந்தால் பெரும்பாலும் தானே இணைக்கும், ஒரே வரியில் இருவர் கை வைத்தால் முரண்பாட்டைக் காட்டும்.

ஒருவர் இருவராகக் குறிப்புகளைச் சேர்ப்பவர்களுக்கும், சர்வரைப் பராமரிக்க ஆளில்லாத இடத்துக்கும் டோக்குவிக்கியையே பரிந்துரைப்போம். பின்னால் மீடியாவிக்கிக்கு மாறவேண்டி வந்தால் உரையை அப்படியே ஒட்டாதீர்கள். டோக்குவிக்கியில் சமக்குறி (=) கூடக்கூடத் தலைப்பு பெரிதாகும், மீடியாவிக்கியில் சிறிதாகும். அங்கே ஐந்து சமக்குறி போட்ட துணைத்தலைப்புக்கு இங்கே இரண்டுதான். தடித்த எழுத்துக்கு அங்கே இரண்டு உடுக்குறி (**), இங்கே மூன்று ஒற்றை மேற்கோள்குறி. சாய்வெழுத்துக்கான இரட்டைச் சாய்கோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் இணைய முகவரிகள் உடையும். அதை மட்டும் கையாலேயே செய்யுங்கள்.